விழுங்கிய தும்மல்

தும்மலை விழுங்குவதில் சத்தக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. அன்று காலை ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் விழுங்கியது அவருடைய தொழில் வாழ்க்கையிலேயே மிகச் சுத்தமான தும்மல். மைக்குக்கு ஒரு பொட்டுகூடப் போகவில்லை. போன இடம்தான் தப்பு.

சினிமாவில் நடிகர் நடந்தால் அந்தக் காலடி ஓசை நடிகருடையது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிக்குமேல் சத்தக்காரருடையது. படம் எடுத்து முடித்த பிறகு, கூடத்தில் திரையைப் பார்த்துக்கொண்டே, மைக்குக்கு முன்னால் நடந்து, துணியை உரசி, தாழ்ப்பாளை இழுத்து, சத்தங்களைச் சேர்க்கிற வேலை. கதாநாயகிகளுக்கும் நடந்திருக்கிறார், குதிகால் செருப்பு போட்டுக்கொண்டு. குதிரைக்கும் நடந்திருக்கிறார். கூடத்தில் அவருக்குப் பெயரே சத்தக்காரர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

அன்று திரையில் ஒருவன், வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் நுழைகிறான். தூசித் தரை. வெறும் பலகையில் நடந்தால் அந்தத் தூசி காதுக்குத் தெரியாது என்று சத்தக்காரருக்குத் தோன்றிவிட்டது. முகத்துக்குப் போடும் பவுடரை ஒரு டப்பா எடுத்துத் தரையில் கொட்டினார். போதாதென்று தட்டித் தட்டி இன்னும் கொட்டினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கருவிகளோடு உட்கார்ந்திருந்த ரெக்கார்டிங் தம்பி, "அண்ணே, போதும்ணே. படத்துல இவ்ளோ தூசி இல்ல," என்றான்.

"கண்ணுக்கு இல்லப்பா. காதுக்கு இருக்கணும்."

இந்த மாதிரி வசனம் பேசிவிட்டு மனுஷன் ஒழுங்காக நடந்திருக்கலாம். மூன்றாவது அடியில் மூக்கு முனையில் குறுகுறுவென்றது. நான்காவது அடியில் வந்துவிட்டது. எத்தனையோ வருஷப் பழக்கம்: வாயை இறுக மூடு, மூக்கைப் பிடி, வயிற்றை உள்ளே இழு, தும்மலை அப்படியே உள்ளுக்குள் அனுப்பு. கால் நடையை விடவில்லை.

அப்போதுதான் அவர் முகத்துக்குள் ஏதோ 'டப்' என்றது.

"டேக் ஓகே அண்ணே! பிரமாதம்," என்றான் தம்பி.

சத்தக்காரர் அசையவில்லை. தூசித் தரையில் ஒரு கால், பலகையில் ஒரு கால். பல் டாக்டரம்மா விரலை நீட்டிச் சொன்னது, சாவகாசமாக, அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. "மூக்கச் சிந்தக் கூடாது. ஸ்ட்ரால உறிஞ்சக் கூடாது. தும்மல் வந்தா வாயத் தொறந்து தும்மணும். அடக்கவே கூடாது. அடக்குனா உள்ள வச்சது போயிடும்."

போன வாரம் உள்ளே வைத்தது எலும்பு.

மேல் தாடையின் இடது பக்கம் கடைவாய்ப் பற்கள் இரண்டும் போய்ப் பல வருஷமாகிவிட்டது. போனதற்கும் அவரேதான் காரணம். ஒரு படத்தில் ராட்சசன் எலும்பைக் கடிக்கிற காட்சிக்காக, கொட்டாங்கச்சித் துண்டைத் தன் பல்லாலேயே கடித்து நொறுக்கி அசத்தினார். சத்தம் அருமை. பல் விரிசல். புதுப் பல் வைக்கலாம் என்று போனபோது டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூ பிடிப்பதற்கு எலும்பே மிச்சமில்லை, கரைந்துவிட்டது என்றார். தாடைக்கு மேலே, கன்னத்துக்குள் ஒரு காற்றறை இருக்கிறதாம். அதன் தரை முட்டைத்தோலுக்கு உள்ளே இருக்கிற சவ்வு மாதிரி மெல்லிசாம். கம்பளத்தைத் தூக்குகிற மாதிரி அந்தச் சவ்வை நோகாமல் தூக்கி, கீழே எலும்புத் துகளை நிரப்பித் தைத்துவிட்டால், சில மாதத்தில் அது அவருடைய எலும்பாகவே ஆகிவிடுமாம். அதற்குப் பிறகு பல்.

"என் மூஞ்சிக்குள்ள ஒரு காலி ரூம் இருக்குதாடி," என்று அன்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். "எதிரொலிக்கு நல்லா இருக்கும்."

"வாடகைக்கு விடுங்க," என்றாள் மனைவி.

இப்போது அந்த ரூமின் தரை இடிந்துவிட்டது.

ஒப்பனை அறைக்குப் போய்க் கைக்குட்டையை மூக்கின் கீழ் வைத்துப் பார்த்தார். சிந்தவில்லை, சிந்தக் கூடாது என்று இப்போது நினைவிருந்தது. தானாக வந்தது. ரத்தக் கோடு ஒன்று. அந்தக் கோட்டின் நுனியில், கடற்கரை மணல் போல, வெள்ளையாக ஒரே ஒரு துகள்.

காசு கொடுத்து முகத்துக்குள் வைத்த எலும்பு மூக்கு வழியாக வெளியே வருகிறது. அவருக்கு அதோடு இன்னொன்றும் நடந்தது. இடது காதில் யாரோ தலையணையை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. குழாயைத் திறந்தார். தண்ணீர் விழுகிற சத்தம் வலது பக்கமிருந்து மட்டும் வந்தது. தலையைத் திருப்பி இடது காதைக் குழாய்க்குக் காட்டினார். தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

பல் போனால் போகட்டும். கஞ்சியாகக் குடித்துக் காலம் தள்ளலாம். காது போனால் என்ன செய்வது? மரத்தரைக்கும் சிமென்ட் தரைக்கும் வித்தியாசம் தெரியாத சத்தக்காரரை யார் கூப்பிடுவார்கள்? அவருக்கு வேறு எதுவும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பு மனைவியைப் பார்க்கப் போனபோதுகூட, பெண்ணைப் பார்க்காமல் மாடிப்படியில் அவள் இறங்கிவந்த சத்தத்தைக் கேட்டுச் சரியென்று சொன்னவர் அவர்.

கிளினிக்குக்குப் போன் செய்தார். வரவேற்பில் இருக்கிற பெண் எடுத்தாள்.

"தும்மிட்டேம்மா."

"வாயத் தொறந்துதான சார் தும்முனீங்க?"

"அதுல ஒரு சின்ன விஷயம்..."

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டுகிற சத்தம். "டாக்டர் இன்னைக்கு வர மாட்டாங்க சார். நாளைக்குக் காலைல வந்துருங்க. வலி இருக்கா?"

"வலி இல்ல. ஒரு துகள் வந்துச்சு. எல்லாம் போயிருச்சாம்மா? காது அடைச்ச மாதிரி இருக்கு, அது காதுக்குள்ள போயிருக்குமா?"

"நீங்க பயப்படாதீங்க சார்."

"போயிருக்குமா, போயிருக்காதா?"

"டாக்டர் பாத்துதான் சார் சொல்ல முடியும். பயப்படாம இருங்க."

பயப்படாதீர்கள் என்று இரண்டு முறை சொல்லிவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? திகில் படங்களில் அந்த வசனத்துக்குப் பிறகு வரும் சத்தத்தைச் செய்வதே அவர்தானே. உடைகிற எலும்புக்கு, ஈரத்துணி சுற்றிய கேரட். விரலுக்கு, வேகவைக்காத சேமியா. மண்டைக்கு, உள்ளே பழைய துணி திணித்த பூசணி. இத்தனை வருஷம் எத்தனையோ பேரின் எலும்பை ஒடித்தவர். ஆனால் தன் முகத்துக்குள் கேட்ட அந்த 'டப்' எந்தக் காய்கறியிலும் இல்லை. ஈரக் காகிதப் பையை உள்ளிருந்து யாரோ ஒரு விரலால் குத்தியது மாதிரி. அதுதான் அவரைக் கலக்கியது. தெரியாத சத்தம்.

கூடத்துக்குத் திரும்பி, தம்பியிடம் விஷயத்தைச் சொன்னார். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவரே அவனைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

"ஒண்ணும் இருக்காதுண்ணே," என்றான் தம்பி.

"இருக்கா இல்லையான்னு கேட்டுப் பாத்துருவோம். அந்த ஒட்டு மைக்க எடு."

பொருளின் மேல் ஒட்டி வைத்தால் அதன் உள் அதிர்வை எடுக்கிற சின்ன மைக் அது. பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு. அதைத் தன் இடது கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்தார். வெளியாள் யாராவது பார்த்திருந்தால், மனுஷன் தன் கன்னத்தோடு தொலைபேசியில் பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

கேட்டது. ரத்தம் ஓடுகிற முழக்கம். எச்சில் விழுங்குகிறபோது கிணற்றில் கல் விழுந்த மாதிரி. மூச்சு விடும்போதெல்லாம், அந்த முழக்கத்துக்குப் பின்னால், பாம்பு ஒன்று 'ஸ்ஸ்' என்கிற மாதிரி ஒரு கசிவு. அவருக்கு வியர்த்தது. தனக்குள்ளிருந்து இப்படி ஒரு சத்தம் வருவதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. எல்லாம் வலது காதில்தான் கேட்டது. இடது பக்கம் யாரோ சுவர் எழுப்பியிருந்தார்கள்.

"தம்பி, இடது பக்கம் கம்மியா வருது. ஏத்து."

தம்பி கருவியைப் பார்த்தான். ஏறி இறங்கும் இரண்டு பச்சைக் கோடுகளையும் பார்த்தான். "ரெண்டு பக்கமும் சமமாத்தாண்ணே போகுது," என்றவன், சொன்னதைத் திரும்ப எடுத்து விழுங்கப் பார்க்கிறவன் மாதிரி, "கேபிளா இருக்கும்ணே," என்றான்.

சத்தக்காரர் ஹெட்போனைக் கழற்றி, பக்கம் மாற்றி மாட்டினார். இப்போதும் வலது காதில்தான் கேட்டது. கேபிள் இல்லை.

"ஒரு தும்மல்ல காது போயிருமா தம்பி?"

"நாளைக்கு டாக்டரப் பாருங்கண்ணே."

"நீ சொல்லு. போயிருமா?"

தம்பி கீழே குனிந்து, தரையில் கிடக்காத எதையோ தேடினான். "பவுடரக் கூட்டணும்ணே. அடுத்தவங்க வருவாங்க."

சாயங்காலம் வீட்டில், மனைவிக்குத் தெரியாமல், காதைச் சோதிக்க ஆரம்பித்தார். அதுவரை அவர் தன் காதைச் சோதித்ததே கிடையாது; சொந்த வீட்டு அழைப்பு மணியை எவன் நின்று அழுத்திப் பார்ப்பான்? சுவர்க் கடிகாரத்தின் கீழே நாற்காலியைப் போட்டு ஏறி இடது காதை வைத்தார். கடிகாரம் நின்றுவிட்டதோ என்று பார்த்தார். முள் ஓடிக்கொண்டிருந்தது. விரல்களை உரசினார். தீக்குச்சியைக் கிழித்தார். டம்ளருக்குள் கரண்டியை வைத்துச் சுழற்றினார். எல்லாம் தூரத்தில், சுவருக்கு அந்தப்பக்கம், தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு வீட்டில் நடந்தன.

போனில் தேடியும் பார்த்தார். அதுதான் அன்றைக்கு அவர் செய்த இரண்டாவது தப்பு. கன்னத்துக் காற்றறையில் சீழ் பிடித்தால் கண்ணுக்குப் போகுமாம். கண்ணுக்குப் பின்னால் எது இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவருக்கு எலும்புத் துகள் மொத்தமும் காற்றறைக்குள் சிதறி, அதைச் சுரண்டி எடுத்தார்களாம். சுரண்டுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அவர் மூளை, பழக்கதோஷத்தில், உடனே செய்து காட்டியது. தகரத்தில் சாவி. போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நாற்காலி மேல என்ன பண்றீங்க?"

மனைவி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் காலடி அவருக்குத் தெரியாமல் வந்ததே அவருக்கு இன்னொரு அடி.

சொல்லிவிட்டார். பவுடர், தும்மல், டப், துகள், காது, எல்லாம்.

"வாயத் தொறந்து தும்மச் சொன்னாங்களா இல்லையா? எங்கிட்டயும் சொல்லி, நானும் ஃப்ரிட்ஜ் மேல எழுதி ஒட்டி..."

"டேக் போயிருமேன்னு..."

"டேக்கு! மூஞ்சி போனா பரவால்ல, டேக் போகக் கூடாது. உங்களக் கட்டிக்கிட்டதுக்கு அந்த மைக்கையே கட்டியிருந்தா அதாவது நான் சொல்றத வாங்கி வச்சிருக்கும்."

திட்டிக்கொண்டே அவரை உட்காரவைத்துக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். வீங்கியிருக்கிறதா, சுடுகிறதா, ரத்தம் இன்னும் வருகிறதா, கைக்குட்டை எங்கே, அந்தத் துகளை வைத்திருக்கிறாரா, எறிந்துவிட்டாரா? கேள்வி மேல் கேள்வி. துகளைச் சின்ன டப்பியில் போட்டு மூடினாள். கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள். ஆனால் காதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவராகவே இரண்டாவது தடவை, "காதும் அடைச்சுக்கிச்சு," என்றார்.

"நாளைக்குக் கேட்டுக்கலாம். குடிங்க," என்றாள்.

"போயிருச்சோன்னு பயமா இருக்குடி."

அவள் கஞ்சி டம்ளரை அவர் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கையால் மூடிக்கொண்டாள். டிவியின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு, வழக்கம்போல அவருக்கு வலது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

படுத்ததும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. இடது கன்னத்தை மேலே வைத்துப் படுக்க வேண்டுமா, கீழே வைத்துப் படுக்க வேண்டுமா என்று டாக்டரம்மா சொன்னது மறந்துவிட்டது. நேராக மல்லாந்து படுத்து, தும்மல் வந்துவிடக் கூடாதே என்று மூக்கைக் காவல் காத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குத் தன் மூக்கின் மேல் பயம் வந்தது.

காலையில் கிளினிக். சாய்வு நாற்காலி, மேலே கண்ணைக் குத்தும் விளக்கு, கண்ணாடித் தட்டில் வரிசையாகக் கொக்கிகள். அவற்றில் ஒவ்வொன்றும் தட்டில் வைக்கப்படும்போது என்ன சுருதியில் ஒலிக்கும் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்குப் பாதிக் கொக்கிகள் ஊமையாக இருந்தன. படம் எடுக்கும் கருவி தலையைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டது. வலது காதைக் கடக்கும்போது முனகியது. இடது காதைக் கடக்கும்போது சும்மா போனது. அவர் அசையாமல் இருந்தார். அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சொல்லாவிட்டாலும் அசைந்திருக்க முடியாது.

டாக்டரம்மா திரையில் அவருடைய மண்டையைத் துண்டுதுண்டாக நகர்த்திப் பார்த்தார். மனைவி டப்பியை நீட்டினாள். டாக்டரம்மா துகளையும் பார்த்தார்.

"ம்ம்."

இந்த 'ம்ம்' இருக்கிறதே, உலகத்தில் இதைவிடப் பயங்கரமான சத்தத்தை அவர் எந்தப் படத்துக்கும் செய்ததில்லை.

"எல்லாம் போயிருச்சா டாக்டர்?"

"சவ்வுல சின்னதாக் கிழிசல் விழுந்திருக்கலாம். அது வழியா ஒண்ணு ரெண்டு துகள் வந்திருக்கு. நிரப்புனது பெரும்பாலும் இடத்துலதான் இருக்கற மாதிரி தெரியுது."

"பெரும்பாலும்னா?"

"மருந்து தர்றேன். சீழ் பிடிக்காம இருந்தா, தானாவே மூடிக்க வாய்ப்பிருக்கு. பொறுத்துப் பாக்கலாம். இந்தத் தடவையாவது வாயத் தொறந்து தும்முங்க."

வாய்ப்பிருக்கு, பாக்கலாம், மாதிரி தெரியுது. முட்டை ஓட்டின் மேல் நடப்பவர் மாதிரி டாக்டரம்மா சொற்களின் மேல் நடந்தார். ஆனாலும் சத்தக்காரருடைய மூச்சு கொஞ்சம் கீழே இறங்கியது. எலும்பு இருக்கிறது. பெரும்பாலும்.

"காது டாக்டர்?"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "தும்மல அடக்குனா காத்து காதுப் பக்கமும் போய் அழுத்தும். அடைப்பு மாதிரி கொஞ்ச நாள் இருக்கலாம்."

"அடைப்பு இல்ல. கடிகாரம் கேக்கல. என் தொழிலே இதுதான். தும்முனதுலதான் போச்சுன்னா... திரும்ப வருமா, வராதா?"

"செவிப்பறையப் பாக்காம நான் எதுவும் சொல்லக் கூடாது. மேல் மாடில காது டாக்டர் இருக்காரு, அனுப்பறேன். ஒண்ணு கேக்கறேன். இதுக்கு முன்னாடி அந்தக் காது நல்லாக் கேட்டுதா?"

"என்ன டாக்டர் இப்படிக் கேட்டுட்டீங்க! இந்தக் காத வச்சுத்தான் குடும்பமே நடக்குது."

டாக்டரம்மா அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். பிறகு, கை கழுவ வேண்டும் என்று சொல்லி, ஏற்கெனவே கழுவிய கையோடு அடுத்த அறைக்குப் போனார்.

சத்தக்காரர் நாற்காலியில் சாய்ந்தபடியே கிடந்தார். விளக்கை அணைத்திருந்தார்கள். நேற்றிலிருந்து மூக்கிலும் கன்னத்திலும் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய பயம் இப்போது எங்கோ வேறு இடத்தில் போய் உட்கார்ந்தது. தரையில் இல்லாததைத் தேடிய தம்பி. காதைப் பற்றிக் கேட்காத மனைவி.

"நீயாச்சும் சொல்லுடி," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "ஆளாளுக்குப் பாக்கலாம், பாக்கலாம்ங்கறீங்க. இந்தத் தும்மலாலதான என் காது போச்சு?"

மனைவி நாற்காலியைச் சுற்றி வந்தாள். வலது பக்கம் வந்து, டாக்டரம்மாவின் சுழல் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"இல்லைங்க. தும்மலால இல்ல. போன வருஷத்துல இருந்தே உங்களுக்கு இடது காது சரியாக் கேக்கறதில்ல. ஃபேன் காத்து ஒத்துக்கலன்னு சொல்லி நான் படுக்கற பக்கத்த மாத்துனேனே, அது ஃபேனுக்காக இல்ல. அந்தப் பக்கம் படுத்துக் கூப்பிட்டா நீங்க திரும்பவே மாட்டேன்னுட்டீங்க. தம்பிக்கும் தெரியும். நீங்க இடது பக்கம் கேக்காம விட்டுப் போற சத்தத்த எல்லாம், நீங்க வீட்டுக்குக் கிளம்புனப்புறம் அவன்தான் ஒக்காந்து சரி பண்ணிட்டிருக்கான். சொன்னா உடைஞ்சு போயிருவீங்கன்னு நாங்க ரெண்டு பேரும் பயந்துட்டோம்."

அவள் வலது பக்கம் உட்கார்ந்துதான் சொன்னாள். ஒரு எழுத்து விடாமல் அவருக்குக் கேட்டது.